முள்ளித்துறையில் புத்தகங்களுக்குப் பசித்தது

முள்ளித்துறையில் தேசநாயகர் நினைவு நூலகத்தைத் திறந்து வைத்த மறுநாள், உச்சிவேளை நெருங்கும்போது, அலமாரிகளில் இருந்த புத்தகங்களுக்குப் பசித்தது. மந்திரி போய்விட்டார், பந்தல்காரன் கீற்றைக் கழற்றிக்கொண்டிருந்தான், வாசலில் வெட்டிப் போட்ட ரிப்பனை ஆடு ஒன்று மென்றுகொண்டிருந்தது, அந்த நேரத்தில் உள்ளே மண்டபத்திலிருந்து நிறைய வயிறுகள் ஒன்றாக இரைகிற சத்தம் வந்தது. தலைநகரத்திலிருந்து வந்திருந்த அதிகாரிகள் ஏசி மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள், தரையில் காதை வைத்துப் பார்த்தார்கள், எலியாக இருக்குமோ என்று அலமாரிகளை நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்த வந்த எங்கள் ஊர் ஆட்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டு, "இது பசி சார்" என்றார்கள். பசியைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தேசநாயகர் என்பவர் போர்க்காலத்தில் இந்த நாட்டை ஆண்டவர், போரை ஜெயித்துக் கொடுத்தவர், ரூபாய் நோட்டிலும் தபால்தலையிலும் முச்சந்தியிலும் இருப்பவர். அதையெல்லாம் நாங்கள் இல்லையென்று சொல்லவில்லை. எதிரியின் கப்பல்கள் முள்ளித்துறையில் கரையிறங்கப் போகின்றன என்று அவருக்கு ஒரு சேதி வந்தது. இறங்குகிறவனுக்கு எங்கள் கரையில் ஒரு பிடி அரிசி கிடைக்கக்கூடாது, ஏறிப்போக ஒரு படகு கிடைக்கக்கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். அறுவடை முடிந்து களமும் குதிரும் நிறைந்திருந்த தை மாதம் அது. சிப்பாய்கள் லாரியில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றி, நெல்லையும் படகையும் வலையையும் கொளுத்திவிட்டு, ஊரைத் தாண்டி யாரும் வெளியே போகாதபடி பாலத்தையும் உடைத்துவிட்டுப் போனார்கள். எதிரியின் கப்பல் வரவேயில்லை. நெல் பொரிகிற வாசனை ஊர் முழுக்க நின்றது, அந்த வாசனையை மூக்கில் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடந்து செத்தார்கள். அரிசி அனுப்புகிறேன் என்று சொன்ன நாயகர் சொன்ன சொல் தவறவில்லை, போர் முடிந்ததும் தலைக்கு இவ்வளவு என்று அனுப்பினார், தின்ன ஆள் இல்லாத வீடுகளுக்கும் சேர்த்து அது கணக்காக வந்து இறங்கியது.

பிற்பாடு வயதான காலத்தில் அவர் தன் வாழ்க்கையைத் தலையணை கனத்துக்கு எழுதினார். அதில் எங்கள் ஊருக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருந்தார். 'முள்ளித்துறை மக்கள் தாய்நாட்டுக்காகத் தங்கள் நெல்லுக்குத் தாங்களே புன்னகையோடு தீ வைத்தார்கள்.' இந்த வரி பாடப்புத்தகத்தில் ஏறியது. தீ வைத்தபோது முள்ளித்துறை மக்களின் முகத்தில் இருந்தது என்ன என்று பரீட்சையில் கேள்வி வரும், புன்னகை என்று எழுதினால் ஒரு மார்க். செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஒரு மார்க்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து காட்டுவார்கள், பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். ஊருக்குள் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தீப்பெட்டி ஐயா. வெளியாட்கள் முன்னால் அதைச் சொல்ல மாட்டோம், அவ்வளவு நல்ல பிள்ளைகள் நாங்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் நூலகத்தை எங்கள் ஊரில் கட்டினார்கள். நெல் எரிந்த அதே களத்தில் பளிங்கு போட்டு, நாயகர் படித்த புத்தகங்கள், எழுதிய புத்தகங்கள், அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்கள் என்று கொண்டுவந்து அடுக்கி, நடு மண்டபத்துக்குப் புன்னகை மண்டபம் என்று பெயரும் வைத்தார்கள். அவருடைய வாழ்க்கைச் சரித்திரத்தின் முதல் பிரதி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைக்கப்பட்டது, எந்தப் பக்கத்தை விரித்திருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திறப்பு விழாவில்தான் எங்கள் ஊர் அந்தத் தப்பைச் செய்தது. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ, கோயில் திருவிழாவோ மாதா திருநாளோ, பந்தி விரித்தால் முதல் இலையில் யாரும் உட்கார மாட்டோம். அது பசியில் போனவர்களுக்கு. எல்லாவற்றையும் அதில் பரிமாறிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்போம். விழா விருந்தில் முதல் இலை நாயகருக்குத்தான் போட வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதமாக நிற்க, எங்கள் ஊர்ப் பெரியமனிதர்கள் மந்திரியின் முன்னால் வாயைத் திறக்கப் பயந்து, அந்த இலையைக் கொண்டுபோய்ப் புன்னகை மண்டபத்தில் நாயகரின் படத்துக்கு முன்னால் அலமாரிகளுக்கு நடுவில் விரித்தார்கள். பட்டினியில் செத்தவர்களின் இலையில் உட்கார்ந்தவருக்குப் பசி பிடித்துக்கொண்டது என்று ஊர் சொன்னது. அதற்குமேல் காரணத்தை யாரும் தோண்டவில்லை.

விழாவில் மிஞ்சின சோற்றை யாரோ ஒரு தட்டில் கொண்டுபோய் ஓர் அலமாரியின் முன் வைத்தார்கள். அந்த அலமாரியின் இரைச்சல் நின்றது, தட்டில் இருந்த சோறு தொட்டால் பொடியாகிற உமியாக மாறிவிட்டது. சோறு வைக்காத அலமாரிகளில் எழுத்துகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன, நாளெல்லாம் வெயிலில் கிடந்த துணி போல. அங்கேயும் சோறு வைத்ததும் எழுத்து திரும்பக் கறுத்து நின்றது. நாயகரின் சொற்பொழிவுகள் அண்டா அண்டாவாகத் தின்றன. அவர் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு அடக்கமாகக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டது. பொருளாதாரம் பற்றிய புத்தகம் குழம்பு இல்லாமல் தொடாது. எல்லாவற்றையும்விடப் பெருந்தீனி தின்றவை அவர் எழுதிய புத்தகங்கள் அல்ல, அவரைப் புகழ்ந்து மற்றவர்கள் எழுதியவைதான், அவற்றுக்கு எவ்வளவு போட்டாலும் போதாது.

எங்கள் ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். மானமுள்ள ஊர் அதைத்தான் செய்யும். எங்கள் ஊரோ கூட்டம் போட்டு, கோயில் திருவிழாவுக்குப் பிரிப்பதுபோல மண்டகப்படி பிரித்தது. திங்கட்கிழமை ரைஸ்மில் வீட்டுக்கு, செவ்வாய்க்கிழமை மேலத்தெருவுக்கு, புதன் கடைத்தெருவுக்கு என்று ஆளுக்கொரு நாளாக எடுத்துக்கொண்டு, தலையில் சோற்றுப் பானையை வைத்து, மேளம் வைத்து, நாயகரின் புத்தகங்களுக்குச் சோறு கொண்டுபோனது. முதல் நாள் யாருக்கு என்பதில் இரண்டு பங்காளிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். கடற்கரைத் தெருக்காரர்கள் தங்கள் முறைக்கு மீன்குழம்பு வைத்தார்கள், நாயகர் சைவம் என்று மேலத்தெரு குதித்தது, குழம்பை வைத்துப் பார்த்தால் முதலில் காலியானது அதுதான். அதன் பிறகு சைவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அரசாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை இறந்துபோன தலைவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், பாலத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவருடைய சொல் உயிரோடு இருந்து சோறு கேட்பது இதுதான் முதல் தடவை என்று பத்திரிகைகள் எழுதின. பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்தார்கள். புத்தகம் தின்று மிச்சம் வைத்த உமியைச் சிறு பொட்டலமாகக் கட்டிக் கடைத்தெருவில் விற்றார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளின் நெற்றியில் பூசினால் ஞாபகசக்தி வருமாம். இங்கே வந்தால் புத்தகத்துக்கு உயிர் வரும் என்று தெரிந்ததும், நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நாயகரைப் பற்றிய புத்தகங்களை லாரியில் அனுப்பத் தொடங்கினார்கள். கல்லூரி மலர்கள், கட்சி மலர்கள், ஒரே ஆள் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி எழுதிய வாழ்த்துப்பாக்கள், எல்லாம் வந்து அடுக்கிக்கொண்டன. எல்லாவற்றுக்கும் வயிறு இருந்தது.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. மேளத்தோடு போன மண்டகப்படி மேளம் இல்லாமல் போனது, பிறகு பானை சின்னதானது, பிறகு ஒவ்வொரு வீடாக அவரவருக்கு ஒரு சாக்குப்போக்கு கிடைத்தது. முதல் நாளுக்காக அடித்துக்கொண்ட பங்காளிகளில் ஒருவர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துக்கொண்டார், மற்றவர் யாத்திரை போய்விட்டார். அலமாரிகளின் இரைச்சல் பள்ளிக்கூடம் வரை கேட்கத் தொடங்கியது. அப்போதுதான் நூலகத்தின் இயக்குநர் கீர்த்திவாசன் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் வாசலில் வந்து நின்றார்.

கீர்த்திவாசன் கெட்டவர் அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். புத்தகம் என்றால் உயிரை விடுகிறவர். வெளுத்துப்போன பக்கத்தைப் பார்த்து அவர் அழுததை நாங்கள் பார்த்திருக்கிறோம். அழத் தெரிந்த மனிதர்தான், எதற்கு அழுவது என்பதில்தான் எங்களுக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை.

சத்துணவுக் கூடத்தில் சமைப்பவள் சிவபாக்கியம். ஐம்பதைத் தாண்டியவள், குரல் எடுத்தால் கடற்கரைக்குக் கேட்கும். போர் முடிந்து பல வருஷங்கள் கழித்துப் பிறந்தவள். அவளுக்கு முன்னால் அவள் அம்மா பெற்ற ஆண்பிள்ளைகள் இரண்டும் அந்தப் பஞ்சத்தில் போயின. அதனாலோ என்னவோ, அவள் சமையல்கட்டில் ஒரு முறை வைத்திருந்தாள். கடைசிப் பிள்ளை போதும் என்று சொல்லும்வரை அவள் அண்டாவை மூட மாட்டாள். வாத்தியார்கள் தட்டை நீட்டினாலும், கல்வி அதிகாரியே வந்து நின்றாலும், "புள்ளைங்க முடிக்கட்டும்" என்பாள்.

"பாக்கியம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் கீர்த்திவாசன். "நாட்டோட நினைவுங்க அங்க கிடக்குறது. ஒருதடவ அழிஞ்சா திரும்ப வராது. பிள்ளைங்க எப்படியும் வீட்ல சாப்பிட்டுக்குவாங்க இல்லையா?"

"எந்த வீட்ல சார்?" என்றாள் பாக்கியம்.

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சத்துணவு அரிசியில் பாதியை நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

"பாதி அரிசின்னா பாதிப் புள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிடவா, இல்ல எல்லாப் புள்ளைக்கும் பாதி வயிறா? எனக்குப் படிக்க வராது. அதுல என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அவர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "அது போடல" என்றார்.

பாக்கியம் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டே பாதியைக் கொடுத்தாள், வேலை போய்விட்டால் மீதிப் பாதியைக் களவு போகாமல் ஆக்கிப்போட யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளின் தட்டில் கரண்டி அரைக்கரண்டியானது. முதல் வாரம் பிள்ளைகள் தட்டை நக்கினார்கள், அடுத்த வாரம் தட்டைத் திரும்ப நீட்டுவதையே விட்டுவிட்டார்கள், கேட்டால் கிடைக்காது என்று அவர்களுக்கே பழகிவிட்டது. கேட்காமல் இருப்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொண்டதுதான் பாக்கியத்துக்குத் தாங்கவில்லை. காலைப் பிரார்த்தனையில், நாயகர் வாழ்த்தைப் பாடிக்கொண்டிருக்கும்போது, மூன்றாம் வகுப்பு ஜெசிந்தா மயங்கி விழுந்தாள். விழுந்த பிள்ளைக்கு நெற்றியில் பூச ஒரு வாத்தியார் உமிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பாக்கியம் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். எறிந்த கையோடு போய்ச் சேமிப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

அன்று நூலகத்துக்குச் சோறு போகவில்லை. மறுநாளும் போகவில்லை. புத்தகங்கள் முதலில் உறுமின, பிறகு அழுதன. பட்டினி கிடக்கிற குழந்தை முதலில் வீறிட்டு அழும், அப்புறம் முனகும், அப்புறம் மூச்சு மட்டும் இழுக்கும், அந்த மூன்றையும் அதே வரிசையில் புத்தகங்கள் செய்தன. ஊரில் வயதானவர்கள் காதில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இளவட்டங்கள் சிலர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பும் ரொம்ப நேரம் ஓடவில்லை.

மரியசூசை அந்தப் பஞ்சத்தில் மிஞ்சினவர், அப்போது சின்னப் பையன். தடியை ஊன்றிக்கொண்டு அவர் பாக்கியத்திடம் வந்தார்.

"பாக்கியம், ஒரு கரண்டி போட்டுரு தாயி. என்னால கேக்க முடியல."

அவள் அவரை உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவர் தொடவில்லை.

"மாமா, அந்த வருஷம் வீட்டுக்கு வீடு இந்தச் சத்தம் கேட்டுச்சே, மேல இருந்த ஒருத்தன் காதுலயாவது விழுந்துச்சா? அவனுங்க புஸ்தகம் அழுதா மட்டும் நம்ம காது வலிக்கணுமா?"

"அது அவங்க காது. இது என் காது" என்றார் மரியசூசை. "எந்தங்கச்சி இப்படித்தான் சத்தம் போட்டா. தீப்பெட்டி மேல இரக்கம் வந்து கேக்கல. எனக்காகக் கேக்குறேன்."

பாக்கியத்துக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. செத்தும் அந்த மனிதன் எங்கள் ஊரை இப்படி ஆட்டிவைக்கிறானே, பட்டினி போட்டவனுக்காகப் பட்டினி கிடந்தவன் வந்து பிச்சை கேட்கும்படி செய்துவிட்டானே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

"புள்ளைங்க வயிறார முடிக்கட்டும் மாமா. அதுக்கப்புறம் மிஞ்சுனா நானே கொண்டுபோய்ப் போடுறேன். மிஞ்சலன்னா இல்ல."

அவர் ஒப்புக்கொண்டார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நாயகரின் நினைவு நாள் வந்துகொண்டிருந்தது, மந்திரி வருவதாக இருந்தார், வெளுத்த புத்தகங்களை அவருக்குக் காட்ட முடியாது. ஒருநாள் காலை ஜீப்பில் போலீஸ் வந்து சேமிப்பறைப் பூட்டை உடைத்தது. அரிசி மூட்டைகளைத் தூக்கும்போது பாக்கியம் குறுக்கே நின்றாள், இரண்டு பெண் போலீஸ்காரர்கள் அவளைப் பிடித்துச் சுவரோரம் நிறுத்திவைத்தார்கள். எங்கள் ஊர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கும் சிப்பாய்கள் நெல்லைக் கொளுத்தினபோது எங்கள் ஊர் இப்படித்தான் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் புன்னகைக்கவில்லை என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

நூலகத்தின் பின்கட்டில் அடுப்பு மூட்டி, கல்யாணச் சமையல்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வந்து, ஒரு பருக்கை விடாமல் அவ்வளவு அரிசியையும் ஆக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்தது. பிள்ளைகள் வழக்கம்போலத் தட்டோடு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. பாக்கியம் அடுப்பைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு, "எழுந்திரிங்க. தட்டை எடுத்துக்குங்க" என்றாள்.

தெருவில் அவள் முன்னால் நடக்க, பின்னால் பிள்ளைகள் தட்டோடு நடந்தார்கள். கடைத்தெருவைத் தாண்டும்போது கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், சிலர் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார்கள். நூலகத்தின் வாசலில் தின்பண்டங்களை உள்ளே கொண்டு வரக்கூடாது என்று எழுதின பலகை இருந்தது. வாட்ச்மேன் அதைக் காட்டினான். "நாங்க ஒண்ணும் கொண்டு வரல" என்று தன் வெறும் கைகளை விரித்துக் காட்டிவிட்டுப் பாக்கியம் உள்ளே போனாள்.

சமையல்காரர் அப்போதுதான் அண்டாக்களை மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். பாக்கியம் கையை நீட்டினாள், அவர் கரண்டியைக் கொடுத்துவிட்டார். அலமாரிகளுக்கு நடுவே பளிங்குத் தரையில் பிள்ளைகளை எதிரெதிராக இரண்டு பந்தியாக உட்காரவைத்து, அவள் பரிமாறத் தொடங்கினாள். அரைக்கரண்டி அல்ல, குவித்த கரண்டி, அதன் மேல் இன்னொரு கரண்டி, குழம்பு, பொரியல், மந்திரி வரும் நாளுக்கென்று வாங்கி வைத்திருந்த அப்பளம் உட்பட. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒரு போலீஸ்காரர் கடைசியில் இருந்த பிள்ளையின் தோளைப் பிடித்து எழுப்பப் போனார். மரியசூசை தடியை நடுவில் நீட்டினார்.

"சாப்பிடுற புள்ளய எழுப்பாதப்பா" என்றார்.

அந்தப் போலீஸ்காரருக்கும் வீட்டில் பிள்ளை இருந்திருக்க வேண்டும். அவர் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

தங்கள் முன்னால் சோறு பரிமாறப்படுவதும் அது தங்களுக்கு இல்லை என்பதும் புத்தகங்களுக்குப் புரிந்தது. அலமாரிகள் ஆடின. சொற்பொழிவுகள் இடி மாதிரி முழங்கின, பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வாயை எடுத்து வைத்தார்கள். முதலில் போனவை வாழ்த்துப்பாக்கள். அவற்றில் சதை தவிர எலும்பென்று ஒன்றும் இருந்திருக்காது போல, பார்க்கப் பார்க்க வெளுத்து வெறும் தாளாகிவிட்டன. பிறகு கட்சி மலர்கள் போயின, பிறகு மற்றவர்கள் எழுதின சரித்திரங்கள் அட்டையிலிருந்த பெயர் உட்படப் போயின. மனைவிக்கு எழுதின கடிதங்கள் அழாமல், சத்தம் போடாமல் மங்கின, அதைப் பார்த்தபோது மட்டும் எங்களில் சிலருக்கு மனசு என்னவோ செய்தது. கீர்த்திவாசன் ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்கு ஓடினார், எதைத் திறந்தாலும் வெள்ளை. கதவிலும் ஜன்னலிலும் நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். மண்டகப்படிக்கு அடித்துக்கொண்ட ஊரில் அன்றைக்கு ஓர் ஆள்கூட உள்ளே போய் ஒரு பிடி சோற்றை எடுத்து அவற்றின் முன்னால் வைக்கவில்லை.

கடைசியில் கீர்த்திவாசன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அந்தத் தலையணைப் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு பாக்கியத்தின் முன்னால் வந்து நின்றார். அதன் ஓரங்கள் வெளுத்து, விரிந்திருந்த பக்கத்தில் மட்டும் எழுத்து பாக்கி இருந்தது.

"பாக்கியம்மா, மத்ததெல்லாம் போகட்டும். இது ஒண்ணு. இதுல உங்க ஊர் இருக்கு. இது அழிஞ்சுபோச்சுன்னா முள்ளித்துறைன்னு ஒரு ஊர் இருந்ததே நாளைக்கு யாருக்கும் தெரியாது."

"ஊர் இந்தா நிக்குது சார். பாருங்க."

அவர் பார்த்தார். அப்போதும் அவருக்குப் புத்தகம்தான் தெரிந்தது. "ஒரே ஒரு கரண்டி. உங்க கால்ல வேணா விழறேன். அதுக்குப் பசிக்குதும்மா. பசின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பிள்ளைகள் மெல்லுவதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். பாக்கியத்தின் கழுத்து நரம்பு புடைத்தது வாசலில் இருந்த எனக்கே தெரிந்தது. அவள் கரண்டியை ஓங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் புத்தகத்தையே பார்த்தாள், அது குழந்தை மாதிரி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அண்டாவைச் சாய்த்துப் பார்த்தாள். வழித்தால் ஒரு கரண்டி தேறும்.

"எனக்குத் தெரியும் சார். எங்கம்மாவுக்கு இன்னும் நல்லாத் தெரியும்" என்றாள். "இந்த மனுசனுக்குத்தான் தெரியாம இருந்துச்சு, இப்பத் தெரிஞ்சிருக்கும். ஆனா நான் அவரு மாதிரி இல்ல. பசின்னு நிக்கிறதப் பாத்துட்டுச் சும்மா போக மாட்டேன். புள்ளைங்க போக மிஞ்சுனா நாய்க்கும் போடுவேன், இதுக்கும் போடுவேன். கேட்டுட்டுச் சொல்றேன், இருங்க."

அவள் பந்தியின் பக்கம் திரும்பினாள். குரலில் மிரட்டல் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. தினமும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"யாருக்காவது இன்னும் வேணுமா?"

பிள்ளைகள் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார்கள். பலருடைய தட்டில் சோறு பாக்கி இருந்தது. சிலர் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கீர்த்திவாசன் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மரியசூசை தலையைக் குனிந்துகொண்டார். கேட்காமல் இருக்கப் பழகிய பிள்ளைகள் அவர்கள்.

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்தவன் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினான். எதிர்ப் பந்தியில் ஒரு கை, அதற்கடுத்து இன்னொன்று, அப்புறம் வரிசை முழுக்க, எச்சில் கையும் நல்ல கையுமாக எல்லாக் கைகளும் மேலே நின்றன. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

"சரி" என்றாள் பாக்கியம். அண்டாவை நன்றாக வழித்து அந்த ஒரு கரண்டிச் சோற்றை எடுத்து, ஒருவரையும் விட்டுவிடாமல், ஒவ்வொரு தட்டிலும் சில பருக்கைகள் விழும்படி பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டே கடைசிப் பிள்ளை வரை போனாள்.